மாத்திரை யாருக்கு?

மாடி வீட்டுத் தையற்காரர் குடிப்பார் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர்கள் குப்பைக்கூடையில் காலி மாத்திரை அட்டைகள் கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குப்பையைக் கிளறுகிற பழக்கம் எனக்கில்லை. கூடை சாய்ந்து கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டா நடப்பது? அத்தனையும் தூக்க மாத்திரை. அவர் சம்சாரத்துக்கு மருந்துக்கடையில் வேலை. குடிக்கிறவர் அவர், மாத்திரை யாருக்கு? மாதக்கணக்கில் இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

அதனால்தான் போதை மறுவாழ்வு மையத்தில் அவரைச் சேர்க்கிற அன்று, "துணைக்கு வர்றீங்களா அக்கா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

சேர்க்கை அறையில் நர்ஸம்மா படிவத்தை விரித்தார். எந்த வயதில் ஆரம்பம், தினம் எவ்வளவு, எழுந்ததுமா, வேலை முடிந்த பிறகா? அளவு சொல்வதுதானே தையற்காரருக்குத் தொழில், கூசாமல் சொன்னார்.

"குடி தவிர வேற என்ன? கஞ்சா, ஊசி, மாத்திரை?"

"சத்தியமா இல்லைம்மா."

வந்ததும் எடுத்த சிறுநீர்ச் சோதனையின் பட்டையை நர்ஸம்மா மேஜையில் வைத்தார். "தூக்க மாத்திரைன்னு இது சொல்லுதே. ஒண்ணை ஒத்துக்கிட்டு இன்னொண்ணை ஒளிக்கிறது இங்க புதுசில்ல. ஆனா ரெண்டையும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போகலாம். என்ன மாத்திரை, எத்தனைன்னு தெரியாம டாக்டர் எப்படி வைத்தியம் பண்ணுவார்?"

"நான் தொட்டதே இல்லை!" மேஜையைத் தட்டினார் அவர். "குடிகாரன்னா பொய்யன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

பண்ணித்தான் விட்டோம். என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று வியந்தபடி அவள் பக்கம் திரும்பினேன். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

"நான்தான்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "சாயங்காலக் காபியில பொடிச்சுப் போட்டேன். தூங்கிட்டா குடிக்கப் போக மாட்டாரேன்னு. முதல்ல அரை. அது கேட்கல, ஒண்ணாக்கினேன். இப்ப மூணு."

"எத்தனை மாசமா?" என்றார் நர்ஸம்மா.

"எட்டு."

நர்ஸம்மா மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். தையற்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஊசி கோக்க முடியாம தடுமாறுவேனே... சரக்கு பத்தலைன்னு நினைச்சு இன்னும் ரெண்டு மடக்கு ஊத்திக்கிட்டேனேடி."

அவள் அழுதாள். கைக்குட்டைக்காக அவள் பையைத் துழாவினேன். வேறெதுவும் பார்க்கவில்லை, அங்கே பார்க்கும்படி எதுவும் இல்லவும் இல்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம்: பார்க்க யார் வரலாம்? நர்ஸம்மா பேனாவுடன் காத்திருந்தார். வெட்டுவதற்கு முன் துணியில் ஓட்டை தேடுகிற மாதிரி, தையற்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவளே வரட்டும்," என்றார் கடைசியில். "ஆனா வெறுங்கையோட வரணும்னு எழுதிக்குங்க. திங்க, குடிக்க ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்."