காலையிலேயே கிழித்த உறைகள்

எங்கள் தலைமை நர்ஸுக்கு எல்லாவற்றிலும் அவசரம். கூட்டம் வரும் முன்பே சிரிஞ்சுகளில் மருந்தை ஏற்றித் தட்டில் அடுக்கி, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர். தட்டம்மைத் தடுப்பூசி தோலில் ஒட்டும் பேட்சாக மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அடைமழை நாளில், ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு, காலையிலேயே அன்றைக்கு வேண்டிய எல்லா உறைகளையும் கிழித்துத் தட்டில் பரப்பிவிட்டார்.

பேட்சில் இருப்பவை சர்க்கரை மாதிரிக் கரையும் பொடி முட்கள். தோலுக்குள் இறங்கிக் கரைந்தால்தான் மருந்து. ஈரக் காற்று பட்டால் வெளியிலேயே தளர்ந்துவிடும். ஒன்றைத் தடவிப் பார்த்தேன். குத்தவே இல்லை.

"அக்கா, எல்லாம் நமுத்துப் போச்சு. இதை ஒட்டுறதும் ஒண்ணுதான், ஸ்டிக்கர் ஒட்டுறதும் ஒண்ணுதான்."

"நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கறியா? வாசல்ல கூட்டத்தைப் பாரு!"

நேற்று வந்தவளாம்! பத்து வருஷமாக இந்த அறையில்தான் இருக்கிறேன். பெரிய டாக்டரிடம் ஓடினேன். "சீனியர் அவங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். தூ!

நான் திரும்புவதற்குள் அண்ணி வந்து, குழந்தைக்குத் தட்டிலிருந்ததையே ஒட்டிக்கொண்டு போயிருந்தாள். அவர்கள் தெருவில் ஏற்கெனவே தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பிரிக்காத பேட்ச் ஒன்றோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அதான் போட்டாச்சே" என்றான்.

"அது உள்ளயே இறங்கலைண்ணே. மறுபடி போடணும்."

"பச்சக் குழந்தைக்கு ரெண்டு தடவையா? உங்க ஆபீஸ் சண்டையை எம் புள்ள மேல காட்டாதே."

இரண்டு முறை போட்டால் ஒன்றும் ஆகாது என்று தொண்டை வறளக் கத்தினேன். கேட்டால்தானே! அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிரிக்காத பேட்சோடு வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம் அண்ணன் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். குழந்தையின் முகமெல்லாம் சிவந்த தடிப்பு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னச் சட்டையின் கையைச் சுருட்டி என் முன்னால் நீட்டினான்.

"அன்னைக்குக் கொண்டுவந்தியே, அதை இப்பப் போடும்மா. எத்தனை வேணும்னாலும் போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நோய் வந்த பிறகு அதனால் பயனில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? பாவி, அன்றைக்கு இந்தக் கையை நீட்டியிருக்கக் கூடாதா! குழந்தையை வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். "போடு, போடு" என்று அண்ணன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.