டிலக்ஷியின் கைநகங்கள்

மகள் டிலக்ஷி சும்மா சாகவில்லை என்பதை அடைக்கலநாதனுக்கு முதலில் சொன்னவர் சட்ட வைத்திய அதிகாரி. ஆறு வருடங்களுக்கு முன், பிணவறை வாசலில் கிடந்த வாங்கில் அவரை இருத்தி வைத்துச் சொன்னார்.

"ஐயா, உங்கடை பிள்ளை கடைசிவரைக்கும் போராடியிருக்கிறா. நகத்துக்கை ஆற்றையோ தோல் கிடக்கு. வெட்டியெடுத்துப் பொதிசெய்து பொலிசிட்டைக் குடுத்திட்டன். ஆளை அது சொல்லும்."

மயிலிட்டியில் கடற்றொழில் செய்யும் அடைக்கலநாதன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த மகளை யாரோ பனங்கூடலுக்குள் இழுத்துப்போய்க் கழுத்தை நெரித்திருந்தார்கள். அடுத்த கிழமையே பொலிஸ் றஞ்சித்தைப் பிடித்தது. அதே ஊர்க்காரன். டிலக்ஷியைப் பெண் கேட்டு, அவள் மறுத்ததால் கோபத்தோடு திரிந்தவன். அன்று பின்னேரம் அவனுடைய மோட்டார் சைக்கிளை பனங்கூடலுக்குப் போகும் ஒழுங்கையில் கண்டதாக ஒருவர் சொன்னார். தான் இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததை ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

"கொழும்பிலையிருந்து நகச் சோதனை அறிக்கை வரட்டும். பிள்ளையே காட்டிக் குடுப்பாள்" என்று அடைக்கலநாதன் மனைவி யசிந்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர இத்தனை வருடம் எடுத்தது. பொதியைப் பொறுப்பெடுத்த சார்ஜன்ட் சாட்சிக் கூண்டில் ஏறினார். றஞ்சித்தின் சட்டத்தரணி சத்தம் போடவே இல்லை.

"எத்தினை மாதம் இது உங்கடை ஸ்டேசன்லை கிடந்தது?"

"அஞ்சு மாதம், சேர்."

"எங்கை?"

"அலுமாரியிலை."

"முத்திரை?"

"கொழும்புக்கு அனுப்ப நான் எடுக்கேக்கை உடைஞ்சு கிடந்தது."

"உறையிலை ஆற்றை பேர் எழுதியிருக்கு?"

சார்ஜன்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நமசிவாயம் எண்டு... அது வேறை வழக்கு, சேர். உறை மாறிப் போச்சு."

மழைக்காலத்தில் அந்த அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கியதாம். உள்ளே இருந்தது பூஞ்சணம் பிடித்து, சோதிக்க முடியாமல் போய்விட்டதாம். சாகிற நேரத்திலும் டிலக்ஷி கைக்குள் இறுக்கி வைத்திருந்ததை, இவர்களால் ஓர் அலுமாரிக்குள் வைத்திருக்க முடியவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி எழுத்தைப் பார்த்தே வாசித்தார். மோட்டார் சைக்கிளைக் கண்டவர் தூரத்தில் நின்றவர், இலக்கத்தகடு பார்க்கவில்லை. சந்தேகம் தீராதபோது ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. றஞ்சித் விடுதலை.

யசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரச சட்டத்தரணியான தக்சாயினியிடம் அடைக்கலநாதன் போய் நின்றார்.

"மிஸ், நீதிபதி ஐயா பிழை விட்டிட்டாரோ?"

"இல்லை, ஐயா. அவரிட்டை இருந்ததை வைச்சு அவர் சரியாத்தான் சொன்னவர். பிழை அதுக்கு முந்தியே நடந்திட்டுது."

நீதிமன்ற வாசலில் றஞ்சித் எதிரே வந்தான். முப்பது வயதிலேயே தலை நரைத்திருந்தது. தாய் கையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் கிட்ட வந்தான்.

"அங்கிள், பிணை கிடைக்கிறவரைக்கும் ரண்டரை வருசம் மறியல்லை கிடந்தனான். விட்டது சரி, ஆனா நான் செய்யேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த நகத்தை ஒழுங்காச் சோதிச்சிருந்தா அது என்ரை பேரைச் சொல்லியிராது. உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கும் அதுதான் சாட்சி."

அடிக்க வேண்டும்போல இருந்தது அடைக்கலநாதனுக்கு. அந்தக் கண்களில் பொய் இருக்கிறதா என்று தேடினார். கடல் நீரின் நிறம் பார்த்து மீன் சொல்பவருக்கு, ஒரு மனிதனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் யசிந்தா கேட்டாள். "அவன்தானோ?"

"தெரியாது."

"இனி எப்ப தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வீடு வரும்வரை சத்தமில்லாமல் அழுதாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசையின்போது றஞ்சித் முன்வரிசையில் நின்றான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சுவாமி கேட்டபோது அவன் திரும்பினான். கைகளைக் கூப்பியபடி, அடைக்கலநாதனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அடைக்கலநாதனுக்குப் பதிலுக்குக் கும்பிடக் கை எழவில்லை. முகத்தைத் திருப்பவும் மனம் வரவில்லை.