மிளகாய் நெடி

ஓசூரை அடுத்த மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு வைக்கும் கம்பியைக் கரியப்பன் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டான். பெற்ற பிள்ளைக்கு வைக்க! ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. ஜன்னல் இல்லாத ஒற்றை அறைதான் அவன் வீடு. அடுப்பும் அங்கே, வைக்கோலும் அங்கே, வாயில் அணையாத பீடியும் அங்கே. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெருமாள் அந்தப் புகையில்தான் கண் விழித்தான். அன்றிலிருந்து அவன் நெஞ்சு பூனை போல உறுமியது.

பண்டிகைக்குச் சாமல்பட்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, மரத்தடியில் கிடந்த பிள்ளை நன்றாக மூச்சு விட்டதை நாராயணம்மா பார்த்தாள். அதைச் சொன்னதற்குப் புருஷன் விட்ட அறையில் அவளுடைய கடைவாய்ப் பல் ஆடிப்போனது.

"எங்க ஊட்டுப் பொவ ஆவலயாடி உம்புள்ளைக்கு? இது கண்ணுடி! பக்கத்தூட்டு சரசம்மா கண்ணு!"

இன்று காலையில் சரசம்மாவின் மயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தான், பாவி. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். பிறகு நாலு மிளகாயைப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டான். நெடி ஏறாவிட்டால் கண்ணேறு உண்டு என்பது ஊர் நம்பிக்கை. பீடியில் ஊறிய மூக்குக்கு நாலு மிளகாய் எம்மாத்திரம்?

"பாத்தியா, நெடியே இல்ல! சூடு வெச்சாத்தான் அடங்கும்."

கம்பி அடுப்பில் சிவந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

"புள்ளயக் குடுடி."

"கொன்னாலும் குடுக்க மாட்டேன்."

வயிற்றில் உதைத்தான். பிள்ளையை விடாமல் சுவரோரம் போய் விழுந்தாள். அவன் கம்பியை எடுக்கத் திரும்பினான். நாராயணம்மாவுக்கு உடம்பெல்லாம் வெறி ஏறியது. முறத்தில் காய்ந்த மிளகாய் கண்ணில் பட்டது. முறத்தோடு அடுப்பில் கவிழ்த்தாள். பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே பாய்ந்து, கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டினாள்.

உதடு கிழிந்திருந்த சரசம்மா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கதவு அதிர்ந்தது.

"தெறடி! உன்ன வெட்டிப் போட்டுருவேன்!"

நாராயணம்மா கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். வசவு இருமலானது. இருமல் ஓலமானது.

"நாராயணம்மா... மூச்சு முட்டுது... செத்துருவேன்..."

"நெடி ஏறுதாய்யா?"

"ஏறுது... ஏறுது தாயீ..."

"அப்பக் கண்ணு இல்ல. சரசம்மாவ எதுக்குய்யா மிதிச்ச? கம்பிய வெளிய தள்ளு."

கதவின் கீழ் இடுக்கில், அவன் காலால் தள்ளிய கம்பியின் பிடி வந்தது. அதை இழுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். கரியப்பன் தவழ்ந்து வந்து மண்ணில் விழுந்தான். அவன் நெஞ்சும் பூனை போல உறுமியது.

"கேளு," என்றாள் நாராயணம்மா. "உம்புள்ள பொறந்ததுலருந்து இப்பிடித்தான் மூச்சு உடறான்."