நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். தையல்கார அக்காவுக்கு வாரம் ஒன்று கிடைத்துவிடும். தொலைந்த சாவி அகப்பட்டால்கூட மைக்கைப் பிடித்துவிடுவார். நான் ஏழு வருடமாக வாயைத் திறந்ததில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? கயிறு அறுந்தால்தான் செய்தி. அப்போது சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலிப்பு. புது மாத்திரை ஆரம்பித்தபின் நாலு மாதம் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த ஞாயிறு எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றேன்.

"என் வீட்டுக்காரிக்குக் கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் கேட்டதும் நாக்கு நீண்டுவிட்டது.

"மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சு."

சபையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கம் அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பத்து தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டும் சரியாகிவிட்டதென்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. கர்த்தர் பெயரில் மட்டும் போட்டுவிட்டேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று வீட்டில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "விசுவாசத்துல சொன்னேன்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்கின்மேல் கோபம். அவள் மறுபடி கேட்கவில்லை. எப்படியும் மாத்திரை சாப்பிடுவாள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, திங்கள் காலை, அடுப்படியில் விழுந்தாள். வெட்டி வெட்டி இழுத்தது, நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் காட்ட மாத்திரை அட்டையைத் தேடினேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் நாலு அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். புருஷன் பொய்யனாகிவிடக் கூடாதென்று அவள் என் பொய்யை நிஜமாக்கியிருக்கிறாள். அந்த இடத்திலேயே செத்துப்போயிருக்கலாம் என்றிருந்தது.

அவள் விழுந்த விஷயம் எப்படியோ பரவி, பாஸ்டரும் தையல்கார அக்காவும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மாத்திரைய இடையில விட்டாங்களா?"

பாஸ்டர் என் தோளில் கை வைத்திருந்தார். அட்டைகள் என் சட்டைப் பையில் இருந்தன.

"இல்ல மேடம். தினமும் சாப்பிடறா."

"சாப்பிட்டும் இப்படின்னா மூளையில வேற ஏதோ இருக்கணும். ஸ்கேன் எடுக்கணும், முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். நேரம் ரொம்பக் கம்மியா இருக்கு."

அவர் உள்ளே போனார். கதவு மூடுமுன் அவள் கால் கட்டிலில் அடித்துக்கொள்வது தெரிந்தது. கண்ணை மூடி ஜெபம் செய்தேன். 'ஆண்டவரே, என் மானம் போகாம அவளக் காப்பாத்தும்.' சொல்லி முடித்தபின்தான் காதில் விழுந்தது, எதை முதலில் கேட்டேன் என்று.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். "மேடம், நான் சொன்னது பொய். மூணு வாரமா சாப்பிடல. நான்தான் காரணம்." அட்டைகளை நீட்டினேன். கதவு திறந்தே இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "இந்த மருந்தையே ஊசியா ஏத்துங்க, சீக்கிரம்" என்றார் நர்ஸிடம்.

என் சுபாவம் எனக்குத் தெரியும். செய்த தப்பை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டவனில்லை. அந்த வார்த்தை என் சாமர்த்தியத்தில் வரவில்லை. ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. இருந்தாலும் அதைக் கிருபை என்றுதான் சொல்கிறேன். வேறு பெயர் எனக்குத் தெரியாது.

பாஸ்டர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "நானும் ஒரு வார்த்தை விசாரிக்காம கைதட்டினேன், பிரதர்" என்றார். தையல்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மருந்து ஏறி அரை மணியில் வலிப்பு நின்றது. சாயங்காலம் நாலு மணிக்குக் கண் திறந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது.

"சபையில தெரிஞ்சுடுச்சாங்க?"

"நானே சொல்லிட்டேன். நான் சொன்னது பொய்னு."

ரொம்பப் பயந்து பயந்து கேட்டாள்.

"அப்ப நான் மாத்திரை சாப்பிடலாங்களா?"