சுப்பையாவின் கண் நிறம்

1

இந்தக் கதை சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தேத்தண்ணீர் குடிக்கும்போது கிடைத்தது. பக்கத்து மேசையில், கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எடிட் பண்ணாத ஃபைல் கேட்டா குடுக்கமாட்டேன்லா. அரைச்ச மாவையா பந்தியில வைப்பாங்க?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மீதியை நான் கற்பனையில் கட்டினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஜார்ஜ்டவுனில் மழை விட்டிருந்த ஒரு மாலையில், சிவநேசனின் ஸ்டூடியோ...

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நடந்தது இதுதான். ஷர்மினியின் கல்யாணத்துக்குச் சிவநேசன் படம் எடுத்தார். அடுத்த மாதமே அவள் அப்பா சுப்பையா ஈரல் கெட்டுச் செத்துப்போனார். தாசேக் கெலுகோர் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டியவர்.

(இந்த வேலை செய்கிறவர்கள் உடம்பு முடியவில்லை என்று வாய்திறக்க மாட்டார்கள். திறந்தால் மறுநாள் வேறு ஆள். அவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். இதற்குக் கற்பனை தேவைப்படவில்லை.)

3

"அண்ணே, எடிட் பண்ணாத ஃபைல் வேணும்."

"அது யாருக்கும் குடுக்கிறதில்லம்மா."

"ஆல்பத்துல அப்பா கண்ணு பால் மாதிரி இருக்கு. டாக்டர் என்னடான்னா, அப்பவே மஞ்சளா இருந்திருக்கும்ங்கிறாரு. கால்ல விழுந்து எந்திரிச்சப்ப நேருக்கு நேரா பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா? அது தெரியணும்ணே."

சிவநேசன் எல்லாக் கல்யாணத்திலும் எல்லார் கண்ணையும் வெளுப்பார், பல்லையும். யாரும் கேட்காமலே செய்கிற வேலை. சுப்பையாவின் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. மண்டப விளக்கு என்று நினைத்துக்கொண்டார். அதே படத்தில் மாப்பிள்ளையின் கண் வெள்ளையாக இருந்ததும் அவருக்குத் தெரிந்தது.

[கடைசி வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அடித்தால் அவர் நல்லவராகிவிடுகிறார். இருக்கட்டும்.]

4

ஒரு முடிவு: "அழிச்சிட்டேன்மா" என்கிறார். அவள் நம்பிப் போகிறாள். சாகும்வரை ஆல்பத்தை உற்றுப் பார்ப்பாள்.

இன்னொன்று: திரையைத் திருப்பிக் காட்டுகிறார். மஞ்சள். அன்றிலிருந்து ஷர்மினி...

முடிக்க வரவில்லை.

என் மனைவி ரோசலின் படித்துவிட்டு, "அவர மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்களேன்" என்றாள். கேட்டால் அவருக்கு லேசாகும். அவளுக்கு?

5

ஆகவே திரை இன்னும் சிவநேசன் பக்கமே இருக்கிறது. படம் திறந்திருக்கிறது. ஷர்மினி அதை எட்டிப் பார்க்கவில்லை.

"ஃபைல் வேணாம்ணே. நீங்க பாத்தீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

சிவநேசனை நான் எழுப்பி அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.