எதிர்க்கடைக்காரி

அண்ணன் கதவைச் சாத்தப் போனபோது தங்கை தன் காலைக் குறுக்கே வைத்தாள்.

"மூடுறதுன்னா என் கால் மேலயே மூடு."

"குட்டி, தெருவே பாக்குது. அவளை உள்ள விடாத."

வாசலில் எதிர்க்கடைக்காரி நின்றிருந்தாள். தோளில் கறுப்புத் தோல் பை. கத்தரிகளை எடுத்துக்கொண்டு வரும்படி காலையில் தங்கைதான் போன் செய்திருந்தாள்.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். மயான வண்டி வருவதற்குள் இந்த ஒரு காரியம் முடிந்தாக வேண்டும்.

அக்காவும் எதிர்க்கடைக்காரியும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகப் பார்லர் வைத்திருந்தவர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி விலைப்பலகையை மாற்றினால் மற்றவள் மதியத்துக்குள் மாற்றிவிடுவாள். எதிரே முடி வெட்டிக்கொண்டு வந்த யாரையாவது பார்த்தால், "எலி எவ்வளவு நேரம் கடிச்சுது?" என்று அக்கா அக்கறையாக விசாரிப்பாள்.

நோய் முற்றி, நிற்க முடியாமல் போனதும் கடையை விற்கத் துணிந்தாள். ஆனால் அது பார்லராகவே இருக்க வேண்டும், நாற்காலிகள் இடம் மாறக் கூடாது. அண்ணன் பிடித்துக்கொண்டு வந்தவனோ டயர் அடுக்கக் கிடங்கு தேடுகிறவன். "முடியும் கறுப்பு, டயரும் கறுப்பு" என்று சிரித்தான். அக்கா அவனுக்கு வாசலைக் காட்டினாள்.

அடுத்த வாரம் எதிர்க்கடைக்காரி முதல் தடவையாகத் தெருவைத் தாண்டி வந்தாள். தன் கடையிலேயே கை தேர்ந்த பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள்.

"இவ வாங்கிக்குவா. நாற்காலி நகராது. எனக்குத்தான் ஆள் போச்சு."

உட்காரக்கூட இல்லை, போய்விட்டாள்.

அதற்கு நன்றி சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். நேற்று மாலைதான் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவகிட்ட தேங்க்ஸுன்னு சொல்லித் தொலைக்காத. நான் போனதும் என் தலைய அவகிட்ட குடு. அவளுக்குப் புரியும்."

தன் தலையில் இன்னொருத்தியின் கத்தரி பட அக்கா விட்டதே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் தானேதான் வெட்டிக்கொண்டாள்.

"என் பேச்சை மீறி கடைய வித்துக் குடுத்தவ. அவளுக்கு இந்த வீட்ல என்ன வேலை?" என்றான் அண்ணன்.

"முடி வெட்டுற வேலை" என்றாள் தங்கை. "உள்ள வாங்க."

எதிர்க்கடைக்காரி தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கை அக்காவின் பிடரியை உள்ளங்கையில் தாங்கித் தூக்கினாள். மருந்தில் கொட்டிப்போய் மறுபடி முளைத்த முடி, கோணல்மாணலாக இருந்தது.

"பின்னாடி பாரு, படிக்கட்டு மாதிரி. எங்கிட்ட வந்திருக்கலாம்ல? திமிரு பிடிச்சவ." சீப்பை எடுத்தவள் நிறுத்தினாள். "என்னைக் கூப்பிடச் சொல்லி யாரு சொன்னா?"

"அக்காதான்."

எதிர்க்கடைக்காரி, சுத்தமாக இருந்த கத்தரியைத் துணியால் துடைத்தாள். திருப்பி இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு வெட்டத் தொடங்கினாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

"வண்டி வந்தாச்சு, போதும் எழுந்திருங்க" என்றான் அண்ணன்.

"நிக்கட்டும்" என்றாள் தங்கை, திரும்பாமலே. "அக்கா கடையில யாரும் பாதி வெட்டோட எழுந்து போனதில்ல."

கூடத்தில் இருந்தவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் வாசலுக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னான்.

கழுத்தோரம் ஒட்டியிருந்த துணுக்குகளை ஊதிவிட்டு, எதிர்க்கடைக்காரி பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தாள். வாடிக்கையாளருக்குக் காட்டுகிற வழக்கத்தில் அக்காவின் பிடரிக்குப் பின்னால் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

தங்கை குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"எங்க?" என்றாள் எதிர்க்கடைக்காரி, சட்டென்று. முக்காலியை நகர்த்திப் போட்டாள். கத்தரி மறுபடி திறந்தது.