ஜாக்கி வீட்டுச் சாலட்

சில்வெஸ்டர் குதிரைப் பந்தய ஜாக்கி. பதினாறு வயதில் லாயத்தில் குதிரை தேய்க்கச் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறி, பெங்களூர், மதராஸ், ஊட்டி என்று எல்லா ஊர்ப் பந்தயங்களிலும் சவாரி செய்தவர். அவர் குடியிருந்த பெங்களூர் ஒக்கலிபுரத்தில் சைக்கிளில் போனால் டீக்கடையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். ஆனால் முப்பத்தைந்து வயதைத் தொட்டதும் அவருடைய உடம்பு அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. தண்ணீர் குடித்தால்கூடச் சதை போட்டது.

பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். குறித்த எடைக்கு மேல் போனால் குதிரை வேறொருவன் கைக்குப் போய்விடும். அதனால் சில்வெஸ்டர் மே மாத வெயிலில் கம்பளிச் சட்டைக்கு மேல் ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார். வீட்டில் சோறு இல்லை, ரொட்டி இல்லை. காலையில் கொஞ்சம் பால், வாரத்துக்கு ஒருநாள் வேகவைத்த கோழித் துண்டு. மற்றபடி வெள்ளரி, கேரட், முள்ளங்கி, சிட்டி மார்க்கெட்டில் கிடைக்கும் லெட்டூஸ் கீரை, எல்லாம் பச்சையாக. அவர் மனைவி ஜோசஃபின் நறுக்கிக் கொடுப்பாள். பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்.

ஒருநாள் காலை குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஜோசஃபின் ஓடினாள். சில்வெஸ்டர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் பேதி உப்புப் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"எத்தினி நாளா இது?" என்றாள்.

அவள் தண்ணீர் கொடுத்து, கட்டிலுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தபிறகுதான் அவர் சொன்னார்.

"பச்சைக் காய் உள்ள எறங்க மாட்டேங்குது ஜோசி. மாடு மேயற மாதிரி இருக்குது. அத சாப்பிடலன்னா பசி கொல்லுது. தாங்க முடியாம வெளிய போய் பன்னும் டீயும் அடிச்சிடறேன். அப்புறம் பயம் வந்துடுது. உப்பு கரைச்சிக் குடிச்சிடறேன்."

ஜோசஃபின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் கையால் செய்த மீன் குழம்புக்காகவே அவர் அவளுடைய அப்பா வீட்டுக்கு வந்து போனவர். இப்போது அந்த வீட்டில் தாளிக்கும் வாசனையே இல்லை. அவர் இருக்கும்போது அவள் தனக்கென்றுகூட எதையும் வதக்குவதில்லை.

"அந்தக் காயையே நான் ருசியா செஞ்சு குடுத்தா, உப்பை விட்டுடுவீங்களா?"

"குடு. விட்டுடறேன்."

ரயில்வே கார்டின் மனைவி மௌரீன் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஈஸ்டருக்கு அவள் செய்யும் சாலட்டைத் தெருவே பேசும். ஜோசஃபின் போய்க் கேட்டதும் மௌரீன் சந்தோஷமாகக் கற்றுக் கொடுத்தாள். டின் பால், முட்டை மஞ்சள் கரு, கடுகுப் பொடி, வினிகர், சொட்டுச் சொட்டாக எண்ணெய். எல்லாம் சேர்ந்து பாலாடை மாதிரி திரண்டு வந்தது. அன்று சில்வெஸ்டர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுநாளும், அதற்கு மறுநாளும். உப்புப் பொட்டலத்தை அவரே சாக்கடையில் கொட்டினார்.

சனிக்கிழமை பந்தயத்துக்குப் போனவர் பந்தயம் முடிவதற்கு முன்பே திரும்பி வந்தார். தராசில் இரண்டு பவுண்டு அதிகம் காட்டியிருந்தது. குதிரைகளைப் பழக்கும் டிரெயினர் டென்சில், ஒரு வருஷமாக அவருக்கென்றே வைத்திருந்த சிவப்புப் பெண்குதிரையை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார். சில்வெஸ்டர் ஜோசஃபினைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் மறுபடி மௌரீனிடம் போனாள்.

"பாலு வேணாம், கரு வேணாம். எண்ணெய் எதுக்கு ஆன்ட்டி? அது இல்லாம ஆவாதா?"

"எண்ணெய் இல்லேன்னா இலையில ஒட்டாது மேன். எல்லாம் தட்டுல ஓடிடும். அப்புறம் என்ன டேஸ்ட்?"

ஒட்ட வேண்டும், ஆனால் கொழுப்பு கூடாது. ஜோசஃபினுக்கு விஷயம் பிடிபட்டது. மோரில் புதினா அரைத்துக் கலந்து பார்த்தாள்; கீரையை விட்டு வழிந்து தட்டின் அடியில் குளமாக நின்றது. புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினாள். சில்வெஸ்டருக்குப் பல் கூசியது. பொட்டுக்கடலை மாவைக் கரைத்தால் ஒட்டியது, ஆனால் அதுவும் சதை போடும் என்று அவரே தட்டைத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு முறையும் அவள் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் மெல்லும் வேகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மௌரீன் வீட்டு வேலியில் சௌசௌ என்கிற சீமைக் கத்திரிக்காய்க் கொடி படர்ந்து கிடந்தது. ஒருநாள் அவள் நாலு காய் பறித்துக் கொடுத்தாள். ஜோசஃபின் அதைத் தோல் சீவி வேக வைத்து அம்மியில் வைத்தாள். காய் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் அரைக்க அரைக்க வழவழவென்று வெண்ணெய் மாதிரி வந்தது. வினிகரில் ஊறிய கடுகு, தணலில் சுட்ட பூண்டு, ஒரு பச்சை மிளகாய், மிளகு, கொத்தமல்லி. கடைசியில் எலுமிச்சை பிழிந்தாள். கீரையில் போட்டுப் புரட்டியதும் ஒவ்வொரு இலையிலும் மெல்லிய பச்சையாகப் படிந்து நின்றது.

சில்வெஸ்டர் ஒரு வாய் போட்டுக்கொண்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"எண்ணெய் போட்டிருக்கியா?"

"ஒரு சொட்டு இல்ல."

"சத்தியமா சொல்லு."

"மாதா மேல சத்தியம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டது மிளகாயாலா வேறெதனாலா என்று ஜோசஃபின் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் கை அடங்கவில்லை. சுட்ட தக்காளியில் ஒரு நாள், புதினாவில் ஒரு நாள், இஞ்சியும் நாரத்தைச் சாறும் சேர்த்து ஒரு நாள். அடியில் எப்போதும் அந்தச் சீமைக் கத்திரிக்காய்தான். சில்வெஸ்டரின் எடை இறங்கியது. சிவப்புக் குதிரை அவரிடமே திரும்பி வந்தது. ஜூன் மாதத்தில் அதன்மேல் இரண்டு பந்தயம் ஜெயித்தார். மௌரீனின் புருஷன் தெருவில் நின்று அவருக்கு சல்யூட் அடித்தார். அன்று ஜோசஃபினுக்குத் தானே ஜெயித்த மாதிரி இருந்தது.

டென்சில் ஒரு யோசனை சொன்னார். இன்னும் நாலு பவுண்டு இறங்கினால் சீசனின் பெரிய பந்தயத்தில் அதே குதிரையை ஓட்டலாம். அந்தப் பந்தயத்தில் அந்தக் குதிரைக்குக் குறைந்த எடைதான் விதித்திருக்கிறார்கள். சில்வெஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். காலையில் குடித்துவந்த பாலை நிறுத்தினார். வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட்டுவந்த வேகவைத்த கோழித் துண்டையும் நிறுத்தினார். மூன்று வேளையும் சாலட். "இதுவே போதும் ஜோசி. வாய்க்கு வேற எதுவும் கேக்க மாட்டேங்குது," என்றார்.

அவருடைய சித்தப்பா மகள் கல்யாணத்தில் எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது, சில்வெஸ்டர் பையிலிருந்து தூக்குப் பாத்திரத்தை எடுத்து வெள்ளரித் துண்டுகளைத் தின்றார். கூட இருந்தவர்கள் அவருடைய மனக்கட்டுப்பாட்டைப் புகழ்ந்தார்கள். ஜோசஃபின் எதிர்வரிசையிலிருந்து அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு எலும்பு புடைத்துத் தெரிந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் காலைப் பயிற்சியில் அவர் குதிரையிலிருந்து இறங்கியதும் மயங்கி விழுந்தார். லாயத்து ஆட்கள் ஜட்கா வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சேஷாத்ரிபுரத்திலிருந்து டாக்டர் ஆராவமுதன் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். தொடைச் சதையை விரலால் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சாப்பிடறார்மா?"

ஜோசஃபின் சொன்னாள். டாக்டர் சாலட் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. எங்காத்துல செய்யச் சொல்றேன். ஆனா இது சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிடறது. இதுவே சாப்பாடு இல்ல." பிறகு சில்வெஸ்டரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருதயம் பலவீனமா இருக்கு. சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. இந்த உடம்போட குதிரை ஓட்டினா, நடுவழியில மயக்கம் வரும். பின்னால வர்ற குதிரைங்க என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்."

டாக்டர் போனதும் சில்வெஸ்டர் கேட்டார்: "காய் நறுக்கிட்டியா?"

"இல்ல. கஞ்சி வெச்சிருக்கேன்."

"இந்த ஒரு பந்தயம் ஜோசி. இது முடியட்டும். அப்புறம் நீ என்ன போட்டாலும் சாப்பிடறேன்."

"நான் செய்ய மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "நீ செய்யலன்னா நான் திரும்ப உப்புக்குத்தான் போவணும்."

ஜோசஃபின் பின்கட்டுக்குப் போய் அம்மி முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பச்சைக் காய் இறங்காமல் இருந்திருந்தால், இந்த மனிதர் போன மாதமே களைத்துப்போய் சவாரியை விட்டிருப்பார். வாய்க்கு ருசியாக ஒன்றைக் கண்டுபிடித்து, பட்டினியைத் தாங்கிக்கொள்ளும்படி செய்தது அவள்தான். அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் அரைத்தாள். அந்த நினைப்பு அவளை வெகுநேரம் அங்கேயே உட்கார வைத்தது. பிறகு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள்.

டென்சில் லாயத்தில் ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கிகளின் மனைவிகள் அங்கே வருவதில்லை. அவர் குளம்பைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார். டாக்டர் சொன்னதை அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"அவன் என்கிட்ட லேசா தல சுத்தலுன்னுதான் சொன்னான்," என்றார் டென்சில்.

"அப்படித்தான் சொல்லுவாரு சார்."

"நான் அவன எறக்கிட்டா அவனுக்கு இனிமே வேற யாரும் குதிரை குடுக்க மாட்டாங்க. தெரியும் இல்ல? நீ வந்து சொன்னேன்னு தெரிஞ்சா உன்ன மன்னிக்க மாட்டான்மா."

"மன்னிக்க வேணாம் சார். உயிரோட இருக்கட்டும்."

டென்சில் குதிரையின் கழுத்தைத் தடவினார். "நாலு பவுண்டு எறங்குன்னு சொன்னவன் நான்தான்," என்று அவளைப் பார்க்காமலே சொன்னார். அன்று மாலையே, பெரிய பந்தயத்தில் சில்வெஸ்டருக்குக் குதிரை இல்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

சில்வெஸ்டருக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மழைக்காலம் முழுக்க அவர் ஜோசஃபினோடு பேசவில்லை. அவள் வைத்த கஞ்சியைக் குடித்தார். பிறகு குழைந்த சோறு, பிறகு பருப்பு. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். சதை திரும்பியது. முகத்தில் இருந்த வெளுப்பு போயிற்று. டென்சில் அவரை லாயத்தில் புதுப் பையன்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார். ஜோசஃபின் ஒருநாள் பழக்கத்தில் சீமைக் கத்திரிக்காயை வேக வைத்துவிட்டு, தூக்கியும் எறிய முடியாமல், கூட்டாக்கித் தானே சாப்பிட்டாள்.

சிவப்புக் குதிரை அடுத்த சீசனில் ஓடிய அன்று காலை, "கெளம்பு," என்றார் சில்வெஸ்டர். அவ்வளவுதான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பந்தயத்தையும் பார்த்ததில்லை. இருவரும் சாதாரண டிக்கெட் கூட்டத்தில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குதிரைகள் கிளம்பியபோது அவளுக்குத் தூரத்தில் புழுதிதான் தெரிந்தது. வளைவு திரும்பிக் கிட்டே வந்ததும் தரை அதிர்ந்தது. அந்த வேகத்தைப் பார்த்து அவள் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தாள். பக்கத்தில் சில்வெஸ்டரின் முட்டிகள் லேசாக மடிந்திருந்தன. இரண்டு கைகளும் கம்பியை விட்டுவிட்டு இல்லாத கடிவாளத்தைப் பிடித்திருந்தன. உதடு எதையோ முணுமுணுத்தது.

சிவப்புக் குதிரை மூன்றாவதாக வந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியபிறகும் அவர் அசையவில்லை.

"அந்தப் பையன் அவசரப்பட்டுட்டான். நான் இருந்திருந்தா ஜெயிச்சிருக்கும்," என்றார்.

"ஜெயிச்சிருக்குங்க," என்றாள் ஜோசஃபின்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினார். கூட்டத்தில் அவள் பின்தங்கியபோது நின்று, அவள் வரும்வரை காத்திருந்தார்.